வாய்ச்சொல் செல்லாதாம்!

"பத்திரம் எங்கே?" என்று கேட்கிறது டில்லி.

"பாட்டனார் சொன்னார், அத்தா கேட்டார், அவர்களை நான் அங்கேதான் அடக்கம் செய்தேன்" என்கிறார் பெரியவர்.

"பாட்டனார் சொன்னது இருக்கட்டும், பத்திரம் எங்கே?" என்று மறுபடியும் கேட்கிறது டில்லி.

தோழர்களே! நாட்டிலே நடைபெறும் பெரிய வழக்குகளில் ஒன்று இந்த மூன்று வரிகளிலே அடங்கிவிடுகிறது. ஏட்டில் ஏறாத ஏழையின் பேச்சுக்கு மதிப்பு உண்டா, இல்லையா? உழைப்பதற்கே பொழுது போதாமல், எழுதிவைக்க நேரமில்லாமல் வாழ்ந்து மறைந்த மக்கள், தங்கள் வரலாற்றை வாயிலே வைத்துக் காத்து வந்திருக்கிறார்கள். அந்த வாயைப் பார்த்து, "உன் சொல் செல்லாது" என்று சட்டம் சொல்லத் தொடங்கினால், பேரன் கைக்குப் போய்ச் சேருவது என்ன?

வேப்பம்பட்டு ரயிலடியிலே காலை வண்டிக்குக் காத்திருப்பவர்களை நீங்கள் அறிவீர்கள். கையிலே சாப்பாட்டுத் தூக்கு, கண்ணிலே தீராத தூக்கம், ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் ஓடுகிற கூட்டம். அந்தக் கூட்டத்திலே பலநாள் பழக்கம் எனக்கு ஒரு தையற்காரப் பெரியவர். எல்லோருக்கும் அவர் 'பாய்'. பழவேற்காட்டுப் பக்கத்துக் குடும்பம். பிழைப்புக்காக இந்தப் பக்கம் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

ஒருநாள் வண்டி தாமதம். பேச்சு வளர்ந்தது. தன் நன்னி சொன்ன கதையைச் சொன்னார். அரபு நாட்டிலிருந்து நாலு மரக்கலத்தில் வந்தார்களாம் அவர் முன்னோர். புதிதாக வந்த கலீபா திறை கேட்டானாம், தரமாட்டோம் என்றார்களாம், நாட்டைவிட்டே அனுப்பிவிட்டானாம். கடல் கடந்து வந்து பழவேற்காட்டுக் கரையிலே கால் வைத்தார்களாம்.

நான் பகுத்தறிவுக்காரன் அல்லவா! சும்மா இருப்பேனா? "எந்தக் கலீபா பாய்? எந்த வருஷம்?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். "அது தெரியாது தம்பி. குடுக்க மாட்டோம்னு சொன்னாங்க. அது தெரியும்" என்றார்.

இந்தப் பதிலைப் பதிவுசெய்துகொள்ள வேண்டுமென்று எண்ணிச் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தேன். பேச்சு நின்றுவிட்டது. அதுவரை அருவியாய்க் கொட்டியவர், வாயை மூடிக்கொண்டார். "இதைப் பதிஞ்சு யாருக்குத் தம்பி காட்டப்போறீங்க?" என்று கேட்டார்.

நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், என்னிடம் உடனே பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் சொல்வது என்ன?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1995-ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டத்திலே, 'பயன்பாட்டால் வக்ஃபு' என்று ஒரு வகை இருந்தது. எழுத்திலே சாசனம் இல்லாவிட்டாலும், ஓர் இடத்தை நெடுங்காலமாகத் தொழுகைக்கோ அடக்கத்துக்கோ மக்கள் பயன்படுத்தி வந்திருந்தால், அந்தப் பயன்பாடே அதற்குச் சான்று என்பது அதன் பொருள். வாயால் சொல்லி அர்ப்பணித்த நிலமும் வக்ஃபாக நிற்க முடிந்தது. ஊரார் முன்னிலையில், "இந்த நிலம் அல்லாஹ்வுக்கு" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அந்தச் சொல்லே சாசனம்.

2024 ஆகஸ்டிலே திருத்த மசோதா வந்தது. 2025 ஏப்ரல் 3-ஆம் நாள் நள்ளிரவு தாண்டி மக்களவையிலே 288-க்கு 232 என்ற கணக்கிலும், மறுநாள் அதேபோல் நள்ளிரவு தாண்டி மாநிலங்களவையிலே 128-க்கு 95 என்ற கணக்கிலும் நிறைவேறியது. ஏப்ரல் 8 முதல் நடப்புக்கு வந்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அதற்கு முன்னரே, மார்ச் 27-ஆம் நாள், அந்த மசோதாவைத் திரும்பப் பெற வேண்டுமென்று தீர்மானம் போட்டது. தீர்மானம் டில்லிக்குப் போனது. டில்லியின் காது எப்படிப்பட்டது என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

புதிய சட்டப்படி, இனி எழுத்துச் சாசனமின்றி வக்ஃபு ஏற்படுத்த முடியாது. 'பயன்பாட்டால் வக்ஃபு' என்ற வகையும் எடுக்கப்பட்டுவிட்டது. முன்பே பதிவானவை நிற்கலாம் என்கிறார்கள். ஆனால் தகராறில் இருந்தாலோ, சர்க்கார் சொத்து என்று சொல்லப்பட்டாலோ அந்தப் பாதுகாப்பும் இல்லை. உச்சநீதிமன்றம் 2025 செப்டம்பர் 15-ஆம் நாள் இடைக்கால உத்தரவிலே சில பிரிவுகளை நிறுத்திவைத்தது. வக்ஃபு செய்கிறவர் ஐந்தாண்டு இஸ்லாத்தைக் கடைப்பிடித்தவர் என்று காட்ட வேண்டும் என்ற பிரிவு, அதிகாரியின் விசாரணையைக் கொண்டே நிலத்தின் தன்மையை மாற்றும் பிரிவு ஆகியவை அவற்றில் அடங்கும். சட்டம் முழுவதையும் நிறுத்திவைக்கவில்லை. பயன்பாட்டு வக்ஃபை நீக்கியதையும் நிறுத்திவைக்கவில்லை. பதிவு செய்ய வேண்டுமென்ற கடமை பல்லாண்டுகளாகவே இருந்ததே, ஏன் செய்யவில்லை என்ற கேள்வியும் அங்கே எழுந்தது.

இதற்கிடையே 2025 ஜூன் 6-ஆம் நாள் 'உமீத்' என்ற இணையதளத்தைத் திறந்து, ஆறு மாதத்துக்குள் எல்லா வக்ஃபு விவரங்களையும் ஏற்றுங்கள் என்றார்கள். கெடுவை எல்லோருக்குமாக நீட்டிக்க உச்சநீதிமன்றம் டிசம்பர் 1-இல் மறுத்து, தேவைப்படுவோர் தீர்ப்பாயத்துக்குச் செல்லலாம் என்றது. தலைமுறை தலைமுறையாக வாயிலே இருந்ததை ஆறு மாதத்தில் கணினியில் ஏற்று என்பது, கூரை வீட்டுக்காரனிடம் கோபுரத்துக்குக் கணக்குக் கேட்பது போன்றது அல்லவா?

மறுதரப்பின் கேள்வி

மேடையிலே பேசும்போது மறுதரப்பின் வாதத்தை மறைப்பவன் நல்ல பேச்சாளன் அல்லன். எனவே அதையும் சொல்லிவிடுகிறேன்.

2022-ஆம் ஆண்டு திருச்சி மாவட்டம் திருச்செந்துறையிலே ஒரு விவசாயி தன் நிலத்தை விற்கப் போனார். வக்ஃபு வாரியத்தின் தடையின்மைச் சான்று வேண்டும் என்று பதிவு அலுவலகத்திலே சொல்லிவிட்டார்கள். அவர் திகைத்தார், ஊர் திகைத்தது. அந்த விவசாயியும் நம்மவர்தான். அவர் திகைப்பு நியாயமானது. "வாய்ச்சொல்லை நம்பினால் நாளை என் வீட்டையும் ஒருவன் வாயாலேயே எடுத்துக்கொள்வானே" என்று அவர் கேட்டால், அவரை மதவெறியன் என்று ஏசிவிட்டு நாம் நகர முடியாது.

அப்படியானால் என்ன செய்வது? வாயை மூடுவதா? அல்ல! வாய்ச்சொல்லைக் கேட்டு, பதிந்து, சோதித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, நிற்பது எது, நிற்காதது எது என்று பிரிப்பதுதான் வழி. ஒருவர் பேச்சு ஒரு சான்று. மூன்று பேர், ஒருவரையொருவர் கேளாமல், ஒரே பாதையை, ஒரே புளியமரத்தை, ஒரே கிணற்றைச் சொன்னால் அது வலுவான சான்று. ஜமாஅத்தின் பழைய கணக்குப் புத்தகமும், சிட்டா அடங்கலும், அளவை வரைபடமும் அதோடு ஒத்துப்போனால் அசைக்க முடியாத சான்று. விவசாயிக்கும் அதுதான் காப்பு. பள்ளிவாசலுக்கும் அதுதான் காப்பு.

இன்னொன்றும் சொல்கிறேன், கூர்ந்து கேளுங்கள். நம் நாட்டுச் சாட்சியச் சட்டமே வாய்ச்சொல்லை அடியோடு தள்ளிவிடவில்லை. இறந்துபோன ஒருவர், ஊர்ப் பொதுவான உரிமை அல்லது வழக்கம் பற்றி, அதை அறிந்திருக்கக்கூடிய நிலையில் இருந்து சொல்லிவைத்த கருத்தைச் சாட்சியமாகக் கொண்டுவரலாம் என்று 1872-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அதன் இடத்துக்கு வந்து 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியமும் அதைச் சொல்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: அந்த உரிமைபற்றித் தகராறு பிறப்பதற்கு முன்பே அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும்!

பார்த்தீர்களா? வழக்கு வந்தபின் ஓடிப்போய்ப் பெரியவர் வாயில் ஒலிவாங்கியை நீட்டினால் பயன் குறைவு. அமைதியான நாளிலே, யாரும் சண்டைக்கு வராத வேளையிலே கேட்டுப் பதிந்துவைத்ததே எடைபோடும். டில்லி அடைத்துவிட்ட கதவை இது திறந்துவிடும் என்று நான் ஏமாற்ற மாட்டேன். ஆனால் பதிவான அடக்கஸ்தலத்தின் எல்லை எது, சந்தூக்கைத் தூக்கிச் செல்லும் பாதை எது, யார் எங்கே அடங்கியிருக்கிறார்கள் என்ற கேள்வி வரும்போது, ஒரு கிழவரின் குரல் ஒரு காகிதக் கட்டைவிட உரக்கப் பேசும்.

கைலி கூறும் கதை

பாய் சொன்ன பழவேற்காட்டுக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி வண்டியிலே ஏறிப் பொன்னேரியில் இறங்கி, பேருந்து பிடித்தால் போய்விடலாம். ஏரியும் கடலும் கைகோக்கும் இடம்.

1610-லே டச்சுக்காரன் அங்கே கால் ஊன்றினான். 1613-லே கெல்டிரியா கோட்டையைக் கட்டினான். நெடுங்காலம் சோழமண்டலக் கரையிலே அவன் தலைமையிடமாக இருந்தது அந்த ஊர். துணியை ஏற்றினான், அடிமைகளாக நம் மக்களையும் ஆயிரக்கணக்கிலே கப்பலேற்றினான். எத்தனை பொதி துணி, என்ன விலை, எந்தக் கப்பல் என்று கணக்கு எழுதிவைத்தான். அந்தக் கணக்கு ஹாலந்து நாட்டு ஹேக் நகரத்து ஆவணக் காப்பகத்திலே பத்திரமாக இருக்கிறது. உலக நினைவுப் பட்டியலிலே 2003-இல் யுனெஸ்கோ அதைச் சேர்த்தது. எழும்பூரிலே உள்ள நம் ஆவணக் காப்பகத்திலும் டச்சு ஏடுகள் உண்டு.

துணியின் கணக்கு இருக்கிறது. துணியை நெய்தவன் சொன்ன சொல் எங்கே? படகோட்டிய மரைக்காயன் பேச்சு எங்கே? நூலுக்குச் சாயமேற்றியவன் குரல் எங்கே? எந்தக் காப்பகத்திலே?

ஆனாலும் மக்களின் நாக்கு அவ்வளவு எளிதில் தோற்றுப்போவதில்லை. மலேயா நாட்டிலே முஸ்லிம் மக்கள் வீட்டிலும் தொழுகைக்கும் கட்டும் கட்டம்போட்ட கைலிக்கு என்ன பெயர் தெரியுமா? 'காயின் பெலிக்காட்'! பெலிக்காட் என்பது வேறென்ன, நம் பழவேற்காடுதான்! கோட்டை இடிந்தது, கும்பினி கலைந்தது. கைலியிலே ஒட்டிக்கொண்டு ஊர்ப் பெயர் மட்டும் கடல் தாண்டி வாழ்கிறது. எந்தப் பத்திரம் அதைக் காத்தது? மக்களின் வாய் காத்தது.

பழவேற்காட்டிலே டச்சுக்காரனின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பிலே இருக்கிறது. இருக்கட்டும், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அது வரலாறு. நான் கேட்பது ஒன்றே ஒன்று: வாணிபத்துக்கு வந்து, ஆளைப் பிடித்து விற்றவன் கல்லறைக்குக் காவல், இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே உழைத்து, இந்த மண்ணிலேயே மடிந்தவன் அடக்கத்துக்குப் 'பத்திரம் எங்கே' என்ற கேள்வியா?

நம்பாதவன் பேசுகிறேன்

"கடவுள் இல்லை என்பவன் பள்ளிவாசலுக்காக ஏன் பரிந்து பேசுகிறாய்?" என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். நான் நம்பாதவன்தான். ஆனால் நம்புகிறவனின் வாயை அடைப்பது பகுத்தறிவு அல்ல. அவன் எதை நம்பினான், ஏன் நம்பினான், அந்த நம்பிக்கை அவனுக்கு என்ன கொடுத்தது என்று அவன் வாயாலேயே கேட்பதுதான் பகுத்தறிவு.

அந்த நாலு மரக்கலக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கலீபா பெயர் தெரியவில்லை, ஆண்டு தெரியவில்லை. ஆராய்ச்சிக்காரர் அதை அப்படியே ஏற்கமாட்டார். நானும் ஏற்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரு சமுதாயம், 'நாங்கள் அரசனின் வழித்தோன்றல்' என்று பெருமை பேசாமல், 'அரசன் கேட்டதைக் கொடுக்க மறுத்தவர்களின் பிள்ளைகள்' என்று பெருமை பேசுகிறதே, அது எவ்வளவு பெரிய செய்தி! நிகழ்ந்ததா இல்லையா என்பது ஒரு கேள்வி. எதை நினைவில் வைக்கத் தகுந்தது என்று பாட்டி முடிவு செய்தாள் என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு விடை எந்தக் கல்வெட்டிலும் இல்லை, பாட்டியின் குரலில்தான் இருக்கிறது.

இன்னொன்று. இஸ்லாமிய மார்க்கமே கேட்டும் சொல்லியும் காக்கப்பட்ட மார்க்கம். திருக்குர்ஆனை முழுவதும் மனத்தில் ஏற்றியவர்களை ஹாபிஸ் என்கிறார்கள். நபிகள் நாயகத்தின் மறைவுக்குப் பின் யமாமா போரிலே ஓதுவோர் பலர் மடிந்தார்கள். அதைக் கண்டு கவலைகொண்டு, முதல் கலீபா அபூபக்கர் காலத்திலே ஸைது இப்னு ஸாபித்திடம் தொகுக்கும் பணியை ஒப்படைத்தார்கள் என்று இஸ்லாமிய வரலாறு கூறுகிறது. நபிமொழிக்கு வருவோம். இன்னார் சொன்னார், அவருக்கு இன்னார் சொன்னார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று ஒவ்வொரு மொழிக்கும் ஒரு சங்கிலி. சங்கிலியிலே உள்ள ஒவ்வொருவரும் நேர்மையானவரா, நினைவாற்றல் உள்ளவரா, ஒருவரையொருவர் சந்தித்திருக்க முடியுமா என்று சோதித்தார்கள். வாய்ச்சொல்லை எப்படிச் சோதிப்பது என்பதை அந்த மக்களுக்கு டில்லி கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை!

தமிழ் மண்ணிலும் அப்படியே. அரபு எழுத்திலே தமிழை எழுதிப் படித்தார்கள். அதற்கு அரபுத்தமிழ் என்று பெயர். கிஸ்ஸா என்றும், மசாலா என்றும், நாமா என்றும், முனாஜாத்து என்றும் பாடல் வகைகளைப் படைத்துத் தமிழுக்குக் கொடுத்தார்கள். இவற்றிலே பல வீட்டுக்குள்ளே பெண்கள் உரக்கப் படிக்க, மற்றப் பெண்கள் சூழ்ந்து கேட்டவை. ஏடு போனாலும் காதிலே நின்றவை. அந்தக் காதுகளுக்கு இன்று எண்பது வயது.

தலைவர் பேச்சும் தொழிலாளி பேச்சும்

கண்ணியத்துக்குரிய காயிதே மில்லத் முகமது இஸ்மாயில் அரசியல் நிர்ணய சபையிலே, 1949-இல், ஆட்சிமொழி விவாதத்தின்போது எழுந்தார். பழமைதான் அளவுகோல் என்றால் இந்த நாட்டின் தொன்மையான மொழி தமிழ், திராவிட மொழிகள்தாம் என்று துணிந்து பேசினார். எப்படித் தெரியும் நமக்கு? சபையிலே சுருக்கெழுத்தாளர் இருந்தார்; எழுதினார்; அச்சானது. இன்றும் எடுத்துப் படிக்கலாம். 'முஸ்லிம் தமிழனா?' என்று எவனாவது கேட்டால் அந்த ஏட்டைத் தூக்கி முகத்துக்கு நேரே காட்டலாம்.

ஆனால் அதே காலத்திலே ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிட்ட தொழிலாளி என்ன பேசினார்? பீடி சுற்றிய பெண் என்ன பாடினார்? இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியிலே ஊர்வலம் போன முஸ்லிம் இளைஞர் தன் வீட்டிலே அத்தாவிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினார்? அவர்களுக்குச் சுருக்கெழுத்தாளர் யார்?

யாரும் இல்லை. நாம்தான் இருக்க வேண்டும்.

உலகம் கேட்கிறது

இது நாம் கண்டுபிடித்த புதுமையல்ல. சிங்கப்பூரிலே 1979-லேயே அரசே வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கி, வணிகர் முதல் கூலியாள் வரை உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிந்தது. தமிழிலும் பதிவுகள் உண்டு. நாகூர் ஆண்டவர் நினைவாக அங்கே 1830 வாக்கில் எழுந்த தர்காக் கட்டடம் 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது. பிழைக்கப்போன கடையநல்லூர்க்காரரும் தென்காசிக்காரரும் அந்தத் தீவிலே வரலாற்று மாந்தர். சொந்த மண்ணிலே பத்திரம் தேடும் மாந்தர்!

1947 பிரிவினைக் கொடுமையை அனுபவித்தவர்களின் குரலைப் பதிய 2011-இல் அமெரிக்காவிலே ஓர் அமைப்பு பிறந்தது. '1947 பிரிவினை ஆவணகம்' என்பது அதன் பெயர். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வாய்மொழிகளைச் சேர்த்துவிட்டது. சேர்த்தவர்களிலே பெரும்பாலோர் பேராசிரியர்கள் அல்லர். பயிற்சிபெற்ற சாதாரண மக்கள்.

மூன்றாவது எடுத்துக்காட்டு நமக்கே கசப்பானது. கசப்பானாலும் சொல்லியாக வேண்டும். 1990 அக்டோபரிலே ஈழத்தின் வடக்கிலே வாழ்ந்த முஸ்லிம் மக்கள், தமிழ் பேசும் மக்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்திலே அக்டோபர் 30-ஆம் நாள் கொடுத்த கெடு இரண்டே மணி நேரம்! பெரும்பாலோர் புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 2002-இல் புலிகள் தரப்பிலே அன்ரன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார். 2009-இல் ஒரு குடிமக்கள் ஆணைக்குழு கிளம்பி, வெளியேற்றப்பட்டவர்களின் வாய்மொழியைக் கேட்டு, 2011-இல் அறிக்கையாக வெளியிட்டது. தமிழன் பட்ட துயரை ஊரெங்கும் பேசும் நாம், தமிழனால் பட்ட துயரைக் கேட்கக் காது கொடுத்தோமா? கேட்பது என்றால் இனிப்பானதை மட்டும் கேட்பதல்ல. பாயிடம் நாம் செல்போனை நீட்டினால், நம்மைப் பற்றி அவர் சொல்லும் குறையும் அதிலே பதிவாகும். அதை அழிக்காமல் வைத்திருக்கும் நெஞ்சுரம் நமக்கு வேண்டும்.

பாய் விதித்த நிபந்தனை

"யாருக்குக் காட்டப்போறீங்க?" என்று பாய் கேட்டாரே, அதற்கு வருகிறேன்.

அவர் அச்சம் வீண் அச்சமல்ல. பெயர், ஊர், அத்தாவின் ஊர், எங்கிருந்து வந்தீர்கள் என்ற கேள்விகளை அன்பாகக் கேட்பவனும் உண்டு. பட்டியல் போடக் கேட்பவனும் உண்டு. கேள்வி ஒன்றுதான், கேட்பவன் கையிலே என்ன இருக்கிறது என்பதுதான் வேறுபாடு. நாட்டிலே குடியுரிமைக்கு ஆவணம் கேட்கப்படும் காலத்தில், "கடல் கடந்து வந்தோம்" என்ற பழங்கதையைக்கூட ஒருவர் தயங்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. என்ன காலம் இது!

நான் இரண்டு நாள் யோசித்துவிட்டு மறுபடி அவரிடம் போனேன். "பாய், நீங்களே சொல்லுங்கள், எப்படிப் பதிந்தால் உங்களுக்குச் சம்மதம்?" என்றேன்.

"முதல் நகல் என் பேத்திக்கு. அவ கேட்டுட்டு வேணாம்னு சொல்ற இடத்த அழிச்சிடணும். என் பேரு பத்திரிகையில வரக்கூடாது. ஓட்டுக் கேக்கற கூட்டத்துல போடக்கூடாது" என்றார்.

நாலு நிபந்தனை! எந்தப் பல்கலைக்கழகமும் இதைவிட நல்ல விதி எழுத முடியாது. நாலாவது நிபந்தனை நம் தலையிலேயே குட்டுகிறது. குட்டட்டும்!

ஆகவே, தோழர்களே, வேலை இருக்கிறது. திருவள்ளூரிலும் பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் பழவேற்காட்டிலும் உள்ள நம் கிளைகளுக்குச் சொல்கிறேன். கொடியை வீட்டிலே வைத்துவிட்டுப் போங்கள். ஜமாஅத்துப் பெரியவர்களிடம் முதலில் சொல்லிவிட்டுப் போங்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே கேட்கட்டும், நீங்கள் பக்கத்துணையாக இருங்கள். முதல் கேள்வி மதத்தைப் பற்றி வேண்டாம். வேலையைப் பற்றிக் கேளுங்கள். எந்த வயதிலே ஊசி பிடித்தீர்கள், முதல் கூலி என்ன? பிறகு பேச்சு தானே நகரும். நோன்புக் கஞ்சிக்கு அரிசி கொடுத்தவர் யார், பக்கத்துத் தெரு மக்கள் கஞ்சி வாங்க வந்தார்களா, சஹர் நேரத்திலே கொட்டடித்து எழுப்பிச் சென்ற பக்கீர் எந்தப் பாட்டைப் பாடினார், கபர் வெட்டியவர் யார் என்று வரும். பெண்களிடம் பெண்கள் கேட்கட்டும். பேசுபவர் பேச்சை நடுவில் வெட்டாதீர்கள்; அவர் வட்டார வழக்கைத் திருத்தாதீர்கள்; அவர் அழுதால் கருவியை நிறுத்துங்கள். தேதி, இடம், கேட்டவர் பெயர் எழுதுங்கள். ஒரு செல்போனிலே மட்டும் வைத்தால் அது தண்ணீரிலே விழுந்த நாளில் வரலாறும் விழுந்துவிடும். வீட்டிலே ஒன்று, ஜமாஅத்திலே ஒன்று, நம்பகமான நூலகத்திலே ஒன்று என மூன்று நகல் வேண்டும். மின்னணுப் பதிவை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முறையான சான்றிதழ் தேவை. எனவே பதிந்த கருவி எது, யார் கையில் இருந்தது என்பதையும் குறித்துவையுங்கள்.

முஸ்லிமுக்கு மட்டுமா இது? அல்ல. சேரியிலே வாழ்ந்தவனுக்குப் பட்டா இருந்ததா? ஏரிக்கரை மீனவனுக்குச் சாசனம் இருந்ததா? ஆலைவாயிலிலே அடிபட்டுச் செத்த தொழிலாளியின் கதை எந்த அலுவலகக் கோப்பிலே முழுமையாக இருக்கிறது? இன்று பாயின் வாய்ச்சொல் செல்லாது என்பார்கள். நாளை உன் வாய்ச்சொல்லும் செல்லாது என்பார்கள். காகிதம் உள்ளவனுக்கே நாடு என்றாகிவிட்டால், கைகள் மட்டுமே உள்ளவன் எங்கே போவான்?

சென்ற ஞாயிற்றுக்கிழமை பாய் வீட்டிலே உட்கார்ந்தோம். கருவியைப் பேத்தி பிடித்துக்கொண்டாள். நான் கேட்க நினைத்திருந்த முதல் கேள்வியை அவளே கேட்டாள்: "அந்த நாலு கப்பல்ல நம்ம ஆளுங்க எந்தக் கப்பல்ல வந்தாங்க நன்னா?"

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்கினார். அந்தக் குரல் இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது. செல்லுமா, செல்லாதா என்பதை டில்லி பிறகு சொல்லட்டும்!